‘அந்நியர்’ என்ற சொல்லின் பயணமும் கோ. நடேசய்யரும்

மலையகத் தமிழ் மக்களின் அரசியல் வரலாற்றைச் சொல்ல முற்படுவோர் 1948ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆயினும் அச்சட்டத்துக்கு ஆதரவாக உயர்ந்த கைகள் ஒரே நாளில் உயர்ந்தவையல்ல. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, நாட்டின் முதலாவது பெருந் தொழிற்சங்கத்தின் உள்ளேயே, இந்நாட்டவன் யார், அந்நியன் யார் என்ற கோடு கீறப்பட்டுவிட்டது. ஒன்றாக வேலைநிறுத்தம் செய்து, ஒன்றாகப் பட்டினி கிடந்த தொழிலாளரே அக்கோட்டின் இருபுறமும் நிறுத்தப்பட்டனர். அப்பிளவின் நடுவே வாழ்ந்து முடித்தவர் கோதண்டராம நடேசய்யர்.

தொண்டமான், அஸீஸ் ஆகியோரின் பெயர்களை நன்கறிந்த இன்றைய தலைமுறை நடேசய்யரை ஒரு பழைய நிழற்படமாகவே அறியும். மலையக எழுத்தாளர் சாரல்நாடன் 1980களில் தேடித் தொகுத்து எழுதியிராவிடின் அதுவும் எஞ்சியிருக்குமோ என்பது ஐயமே.

நடேசய்யர் 1887ஆம் ஆண்டில் தஞ்சை மண்ணில் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தவர். குலத்தொழிலோ அரசாங்க உத்தியோகமோ அவரை ஈர்க்கவில்லை. வணிகவியல் கற்பித்தார், ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையை நடத்தினார். வணிகப் பத்திரிகை நடத்திய ஒருவர் கூலித் தொழிலாளரின் தலைவரானது எப்படி என்று வியப்போர் உண்டு. எமக்கு அதில் பெரிய வியப்பில்லை. கணக்கு தெரிந்தவருக்கே பற்றுவரவுப் புத்தகத்தில் எங்கே கொள்ளை நடக்கிறது என்பது விரைவில் புலப்படும். கங்காணியின் கடன் கணக்கிலும் தோட்டத்துச் செக்றோலிலும் அவர் பின்னாளில் கண்டறிந்தவை அத்தகையனவே.

அப்பத்திரிகைத் தொடர்பிலேயே அவர் 1915இல் முதன்முறையாக இலங்கைக்கு வந்தார். அந்த ஆண்டை எமது முஸ்லிம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. கம்பளையில் வலஹாகொட தேவாலயப் பெரஹெரா, அம்பகமுவை வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் முழங்கலாமா என்ற வழக்கு நீதிமன்றப் படிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட தீ சில நாட்களுக்குள் பல மாவட்டங்களுக்குப் பரவியது. கரையோரச் சோனகர் எனப்பட்ட, தென்னிந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம்களே முதலில் குறிவைக்கப்பட்டனர். பிறகு அந்த வேறுபாடும் பார்க்கப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக இந்நாட்டிலேயே வாழ்ந்த முஸ்லிம்களின் கடைகளும் எரிந்தன. பிறநாட்டான் வந்து பிழைப்பைப் பறிக்கிறான் என்ற வாதம் வெகுசனங்களிடையே முதன்முதலில் பெரும் வன்முறையாக உருவெடுத்த இடம் அது என்றே நாம் கருதுகிறோம். பிரித்தானிய அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்களைச் சிறையிட்டபோது அவர்களுக்காகச் சேர் பொன். இராமநாதன் ஓங்கிக் குரல் கொடுத்தார். அக்குரலில் தமது இழப்புக்கு இடமில்லாமற் போனதை முஸ்லிம்கள் மறக்கவில்லை. தமிழ் வாசகர்களாகிய நாம் அதை அவ்வளவாக நினைவிற் கொள்வதில்லை.

நடேசய்யருக்கு அந்நாட்களில் தோட்டங்களைப் பார்க்கும் ஆவல் மேலோங்கியிருந்தது. தோட்டங்களுக்குள் அந்நியர் நுழைவது அத்துமீறல் குற்றம். துரையின் அனுமதியின்றி உறவினர்கூட லயத்தில் இரவு தங்க இயலாது. அக்கட்டுக்காவலை மீறி உள்ளே செல்லக்கூடியவர் புடவை மூட்டை சுமந்து விற்கும் வியாபாரி ஒருவரே. அவ்வேடத்தைப் பூண்டே நடேசய்யர் லயன்களுக்குள் சென்றார் என்று சொல்லப்படுகிறது. கண்டவற்றை எழுத்தில் பதிந்துகொண்டு ஊர் திரும்பினார். 1920 அளவில் மீண்டும் வந்தபோது திரும்பிப் போகும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை.

கொழும்பில் ‘தேசநேசன்’, அதன்பின் ‘தேசபக்தன்’ ஆகிய தமிழ்ப் பத்திரிகைகளையும் ‘சிட்டிசன்’, ‘போர்வேட்’ முதலிய ஆங்கில ஏடுகளையும் அவர் நடத்தினார். தோட்டத்துரைமார் அமைதியிழந்தனர். இந்தத் தஞ்சாவூர்க்காரரை நாடு கடத்திவிடலாமா என்ற யோசனை அதிகாரிகளிடையே எழுந்தது. அது நிறைவேறவில்லை. 1924இன் அரசியல் யாப்பு இலங்கைவாழ் இந்தியருக்குச் சட்டநிரூபண சபையில் இரு ஆசனங்களை வழங்கியது, ஐ.எக்ஸ். பெரைராவும் முகம்மது சுல்தானும் அவற்றுக்குத் தெரிவாகினர். சுல்தானின் மறைவால் வெற்றிடமான ஆசனத்துக்கே நடேசய்யர் 1925இல் தெரிவானார். கிறிஸ்தவர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், அவருக்குப்பின் பிராமணர் ஒருவர் என்று அமைந்த இப்பிரதிநிதித்துவத்தை அன்று எவரும் அதிசயமாகப் பேசியதாகத் தெரியவில்லை. மதத்தால் வகுக்கப்படாத ஒரு வாக்காளர் கூட்டம் அக்காலத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதே காலத்தில்தான் அவர் ஏ.ஈ. குணசிங்கவுடன் கைகோத்தார். 1915இல் சிறை சென்றவர்களுள் ஒருவரான குணசிங்க, 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியவர். 1923இல் கொழும்பை நிலைகுலையச் செய்த பொது வேலைநிறுத்தத்தை வழிநடத்தியவர். வளர்ந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டுமென்று படித்த கனவான்கள் கேட்கத் தயங்கிய காலத்தில் அதைத் துணிந்து கேட்ட இயக்கம் அவருடையது. அப்பெருமையை அவரிடமிருந்து பறிப்பது நியாயமன்று. நடேசய்யர் அச்சங்கத்தின் உபதலைவரானார். 1927இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலையை நிறுத்தியபோது சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் முஸ்லிம்களும் ஒரே அணியில் நின்றனர். ஒருவர் சிங்களத்திலும் மற்றவர் தமிழிலும் பேச, ஒரே கூட்டம் இருவரையும் செவிமடுத்த காலமது.

இத்தகைய காட்சி எமது தீவுக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் துறைமுகத்தில் 1907இல் ஜேம்ஸ் லார்கின் என்ற தொழிற்சங்கவாதி கத்தோலிக்கரையும் புரட்டஸ்தாந்தரையும் ஒரே வேலைநிறுத்தத்தில் இணைத்தார். லிவர்பூலில் பிறந்து வந்தவர் அவர். அடக்க வேண்டிய காவலரிடையேயும் அதிருப்தி பரவும் அளவுக்கு அந்தப் போராட்டம் வலுத்தது. பதின்மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1920ஆம் ஆண்டு யூலையில் அதே நகரின் கப்பல் கட்டும் தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர் சக தொழிலாளராலேயே விரட்டப்பட்டனர். அவர்களுக்கு ஆதரவாக நின்ற புரட்டஸ்தாந்தத் தொழிலாளரும் தப்பவில்லை. அடுத்த ஆண்டே அயர்லாந்து இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வரைபடத்தில் எல்லை வரையப்படுவதற்கு முன்னரே வேலைத்தலத்தில் அது வரையப்பட்டிருந்தது.

கொழும்பில் அது 1928இல் நிகழ்ந்தது. வேலையின்மை தலைதூக்கியபோது குணசிங்கவின் பேச்சிலும் ஏட்டிலும் முதலாளி மெல்லப் பின்வாங்கி, இந்தியத் தொழிலாளி முன்னுக்கு வந்தான். முதலில் குறிவைக்கப்பட்டவர்கள் கொழும்பின் மலையாளிகள். 1930களில் மலையாளிகளைப் பகிஷ்கரிக்கும் இயக்கமாகவே அது வளர்ந்தது. 1915இல் முஸ்லிம் கடைக்காரருக்குச் சூட்டப்பட்ட அதே பெயர் இப்போது மலையாளத் தொழிலாளிக்குச் சூட்டப்பட்டது. நடேசய்யர் தமது பத்திரிகையில் குணசிங்கவைக் கடுமையாகச் சாடிவிட்டுச் சங்கத்திலிருந்து வெளியேறினார். பிரிவுக்குத் தலைமைப் போட்டியும் ஒரு காரணம் என்று கூறுவோர் உண்டு. இருவருமே விட்டுக்கொடுக்கும் சுபாவம் படைத்தவர்கள் அல்லர். ஆகவே அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தலைவர்களின் போட்டி எங்கும் உள்ளது. அப்போட்டிக்கு இன அடையாளம் ஆயுதமாகக் கிடைத்ததும், அதைத் தொழிலாளர் ஏற்றுக்கொண்டதுமே இங்கு கவனத்துக்குரியவை.

கொழும்பை விட்டு அவர் மலையேறினார். 1931இல் ஹட்டனைத் தலைமையகமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவானது. தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதலாவது தொழிற்சங்கம் அதுவே. தோட்டத்துக்குள் கூட்டம் போட இயலாது என்பதால் ஹட்டன் நகரே கூட்டத்திடலாயிற்று. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது தலைகுனிந்து நின்றவர்கள், வாரவிடுமுறையில் மைல் கணக்கில் நடந்து வந்து தலைநிமிர்ந்து அமர்ந்தார்கள். கூட்டத்துக்குப் போனதற்காகப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டு, குடும்பத்துடன் தெருவுக்கு வந்தவர்களும் உளர். ஒரு தோட்டத்தில் பெயர் வெட்டப்பட்டவனை அடுத்த தோட்டம் பதிந்துகொள்ளாது. வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாடு எவ்வளவு வலிய விலங்கு என்பதை லயத்தில் வாழ்ந்தோரே அறிவர்.

கூட்டங்களில் நடேசய்யர் பேசுவதற்கு முன்னர் அவரது மனைவி மீனாட்சியம்மாள் பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களைப் பத்திரிகை எட்டாது, பாட்டு எட்டும். கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்கள் மலைச்சரிவில் அப்பாட்டுக்களைத் தமக்குள் பாடிக்கொண்டார்கள். தெரிந்த மெட்டுகளில் அமைந்த அவரது பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. ‘தேசபக்தன்’ பத்திரிகையின் பொறுப்பையும் அவர் சில காலம் ஏற்றிருந்தார். கணவரின் நிழலில் வைத்தே இவ்வம்மையாரைப் பேசிவிட்டுப் போவது எமது எழுத்தாளர்களின் பழக்கம். இக்கட்டுரையும் அக்குறையிலிருந்து முற்றாக விடுபட்டதல்ல.

சம்மேளனம் பிறந்த வேளை நல்ல வேளையன்று. 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்சம்பளம், உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி 1931 முதல் அடுத்தடுத்து வெட்டப்பட்டது. அப்போது தொழில் அமைச்சராக இருந்தவர் ஹட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவான பெரி. சுந்தரம் அவர்களே. தம்மவர் ஒருவர் அமைச்சராக இருந்தும் தம் கூலி குறைந்ததை மக்கள் கண்டனர். 1936 தேர்தலில் ஹட்டன் ஆசனம் நடேசய்யருக்குக் கிடைத்தது. 1947 வரை அரசாங்க சபையில் அவர் அத்தொகுதியின் குரலாக இருந்தார்.

மலையின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். லயன்கள் மேலே இருந்தன. அவற்றின் கீழே பள்ளத்தாக்கில் கண்டிச் சிங்களவரின் கிராமங்கள் இருந்தன. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பெயரால் அம்மக்களின் காடும் மேய்ச்சல் நிலமும் சேனைப்பயிர் செய்த மேட்டுநிலமும் பறிபோய்த் தோட்டங்களாயின. நிலம் இழந்த அக்கிராமத்தவனுக்குத் தோட்டத்துரை எட்டாத உயரத்தில் இருந்தார். கண்ணெதிரே தெரிந்தவன் மொழி புரியாத கூலியாளே. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது மலைநாட்டுத் தொகுதிகள் அக்கூலியாளின் வாக்கால் தீர்மானிக்கப்பட்டுவிடும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. அந்த அச்சம் பொய்யாக உருவாக்கப்பட்டது என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. பாதி உண்மையிலிருந்து முளைத்ததாலேயே அது அவ்வளவு வேரூன்றியது என்பது எமது கருத்து. தோட்டங்களில் இந்தியரின் வாக்காளர் தொகை 1936இல் சுமார் 145,000 ஆக இருந்து 1939இல் 225,000 ஆக உயர்ந்தது. பின்னர் பதிவு நடைமுறைகள் இறுக்கப்பட்டதும் 1943இல் 168,000 ஆகச் சரிந்தது. பிறப்பாலும் இறப்பாலும் விளைந்த சரிவல்ல இது.

கிராமத்தையும் லயத்தையும் இணைக்கும் முயற்சியை நடேசய்யர் எந்த அளவுக்கு மேற்கொண்டார்? கொழும்பில் குணசிங்கவுடன் நின்ற ஆண்டுகளில் இருந்த அளவுக்கு, ஹட்டனில் அது இருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு கதவு முகத்தில் அறையப்பட்டவர் அடுத்த கதவைத் தட்டத் தயங்கியிருக்கலாம். தவிர, அவரது சம்மேளனம் பெரும்பாலும் அவர் ஒருவரைச் சுற்றியே சுழன்றது. 1939 யூலையில் நேரு இலங்கைக்கு வந்து, பிரிந்து கிடந்த அமைப்புகளை ஒன்றாக்கி இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு வித்திட்டபோது நடேசய்யர் அதில் சேரவில்லை. அடுத்த ஆண்டில் காங்கிரஸ் தொழிற்சங்கம் தோட்டங்களில் கால்வைத்தது. செளமியமூர்த்தி தொண்டமானும் குஜராத்தி முஸ்லிமான அப்துல் அஸீஸும் அதன் தலைமைக்கு வந்தனர். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு முஸ்லிமை மாரியம்மன் திருவிழா எடுக்கும் தோட்டத்து மக்கள் தமது தலைவராக ஏற்றுக்கொண்டார்கள் என்பதை இன்று தமிழர், முஸ்லிம் என்று பிரித்துக் கணக்குப் பார்க்கும் அரசியல்வாதிகள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். நடேசய்யரின் சங்கமோ ஆண்டுக்காண்டு மெலிந்தது.

அதே 1939இல்தான் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை வெளியேற்றும் முடிவு வந்தது. பதிலுக்கு இந்தியா தன் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. கொழும்பும் புதுடில்லியும் மாறிமாறிக் கதவடைத்தபோது, நடுவே நின்றவரிடம் இரு தரப்பும் ஒரே கேள்வியைக் கேட்டன: நீ இந்தியனா, இலங்கையனா? இங்கே பிறந்து, இங்கே கொழுந்து பறித்து, இங்கேயே பெற்றோரைப் புதைத்த ஒருவனுக்கு இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதை எவரும் ஏற்கவில்லை. அயர்லாந்து அதை ஏற்க நெடுங்காலமும் பல உயிர்களும் செலவாயின. 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கை, வட அயர்லாந்தில் பிறந்தவர் தம்மை ஐரிஷ்காரர் என்றோ, பிரித்தானியர் என்றோ, இரண்டும் என்றோ கொள்ள உரிமையளித்தது. எமது மலைநாட்டில் 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரை எண்ணி, 525,000 பேர் உனக்கு, 300,000 பேர் எனக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் பத்தாண்டுகளின் பின்னர் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் மண்டபம் முகாமுக்கும் தம்பி மஸ்கெலியாவுக்குமாகக் குடும்பங்கள் உடைந்தன. மிச்சமிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் நடேசய்யர் காணவில்லை. ஆனால் வரப்போவதை ஓரளவு உணர்ந்திருந்தார் என்று கொள்ள இடமுண்டு. 1945 நவம்பரில் சோல்பரி யாப்பை ஏற்கும் பிரேரணை அரசாங்க சபைக்கு வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என அனைத்துச் சமூகத்தவரும் அதை ஆதரிக்க, 51 வாக்குகளால் அது நிறைவேறியது. எதிர்த்து விழுந்தவை 3 வாக்குகள். டபிள்யூ. தஹநாயக்க, ஐ.எக்ஸ். பெரைரா ஆகியோருடன் அவ்வாறு வாக்களித்த மூன்றாமவர் நடேசய்யர். பிரஜாவுரிமை யாருக்கு என்ற கேள்வியைச் சுதந்திரத்துக்குப் பிந்திய நாடாளுமன்றத்திடம் விட்டுவைத்த யாப்பு அது. சிறுபான்மையோர் ஒருவரையொருவர் நம்பி ஒன்றுசேர்ந்து எதையும் கேட்காத அந்த நாளில், அவரது எதிர்வாக்கு சபைக் குறிப்பேட்டின் ஒரு வரியாக முடிந்தது.

1947இல் ‘சுதந்திரன்’ பத்திரிகை தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆசிரியராக அவர் அமர்ந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த மலையகத் தலைவர் ஒருவர் வடக்கு, கிழக்குத் தமிழரின் அரசியல் ஏட்டுக்கு ஆசிரியரானது அக்காலத்தில் சிறிய காரியமன்று. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர்கள் கைப்பற்றினர். முதிய தலைவர் தோற்றார். அவர் திரட்டிய மக்களே அவரைத் தோற்கடித்தனர். சங்கமென்றால் என்னவென்று கற்றுக்கொண்டவர்கள் அவரைவிடப் பெரிய சங்கமொன்றைத் தெரிந்துகொண்டார்கள். இரண்டொரு மாதங்களில், 1947 நவம்பர் 7ஆம் திகதி, அவர் கொழும்பில் காலமானார். தோட்டங்களில் அதற்கு முன்னரும் பின்னரும் கண்ட பெரும் மரணச் சடங்குகளோடு ஒப்பிட்டால் அது அமைதியான பிரிவு.

பழைய தோழர் குணசிங்க அதே தேர்தலில் கொழும்பு மத்தியில் முதலாவதாக வந்தார். மூன்று உறுப்பினர் கொண்ட அத்தொகுதியில் அவருக்கு அடுத்ததாகத் தெரிவானவர் டி.பி. ஜாயா. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டமூலம் சபைக்கு வந்தபோது குணசிங்க அரசாங்கத் தரப்பில் இருந்தார். தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகளிற் சிலர் அமைச்சரவையிலேயே இருந்தனர். நவம்பர் 15ஆம் திகதி அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நடேசய்யர் மறைந்து ஓராண்டும் எட்டு நாட்களும் ஆகியிருந்தன.

மறு ஆண்டு வந்த சட்டத்தின் பெயர் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். திருமணமானவர் 7 ஆண்டுகளும் திருமணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வசித்ததை அது நிரூபிக்கச் சொன்னது. 1915இல் அந்நியர் எனப்பட்ட முஸ்லிம் வணிகரின் வாரிசுகளுள் இந்தியாவிலிருந்து வந்தோருக்கும் அது பொருந்தியது. ஹட்டன் கடைவீதியில் துணி அளந்தவரும் மலைச்சரிவில் கொழுந்து பறித்தவரும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே படிவத்தில், விண்ணப்பம் எழுதித் தருவோரைத் தேடி அலைந்தார்கள்.